ஒரு நாற்காலியின் ஒரு மணிநேரம்

கூடிப் பேசுவதற்கென்று ஊருக்கு நடுவே ஓரிடம் அமைத்து வாழ்ந்தது தமிழ்ச்சமூகம். சங்க இலக்கியம் அதனை மன்றம் என்றும் பொதியில் என்றும் குறிக்கிறது. பிற்காலத்தில் அம்பலம், சாவடி, திண்ணை எனப் பெயர்கள் மாறினாலும் தேவை மாறவில்லை. இன்று கல்லூரி மாணவர்க்கு அப்படியோர் இடத்தைத் தொழிலாக அமைத்துத் தர முடியுமா? அது நிலைத்து நிற்க என்னென்ன எண்ணிப் பார்க்கவேண்டும்? தேனியையும் கம்பம் பள்ளத்தாக்கையும் களமாகக் கொண்டு இக்கட்டுரை அவற்றை ஆராய்கிறது.

மாலை நேரத்துப் பேருந்து நிலையம்

மேற்குத் தொடர்ச்சி மலையின் மடியில் அமைந்தது தேனி மாவட்டம். தேனி, போடிநாயக்கனூர், பெரியகுளம், சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் எனச் சிறு நகரங்கள் சாலையோரமாக ஒன்றையடுத்து ஒன்று அமைந்துள்ளன. உத்தமபாளையத்தில் 1956ஆம் ஆண்டிலேயே ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி தொடங்கப்பட்டது. இன்று கலை அறிவியல், பொறியியல், மருத்துவம், தோட்டக்கலை எனப் பலவகைக் கல்லூரிகள் இம்மாவட்டத்தில் இயங்குகின்றன. முல்லைப்பெரியாற்று நீரால் விளையும் நெல்லும் திராட்சையும், மலையில் விளையும் ஏலமும் தேயிலையும் ஈட்டித்தரும் வருவாயில் பல குடும்பங்கள் தம் பிள்ளைகளைப் படிக்க வைக்கின்றன.

இம்மாணவருள் பெரும்பாலோர் ஒவ்வொரு நாளும் பேருந்தில் வந்து பேருந்திலேயே திரும்புபவர்கள். கல்லூரி முடியும் நேரமும் ஊருக்குச் செல்லும் பேருந்து புறப்படும் நேரமும் பல வேளைகளில் பொருந்துவதில்லை. இடையில் கிடைக்கும் முக்கால் மணியையோ ஒரு மணியையோ மாணவர்கள் பேருந்து நிலையத்தில் நின்றே கழிக்கின்றனர். கணினியை விரிக்க மேசையில்லை; செய்திறன் திட்டத்தைப் பற்றி நால்வர் கூடிப் பேச இடமில்லை; கைப்பேசிக்கு மின்னேற்ற ஒரு செருகி கிடைப்பதுமில்லை. தேநீர்க்கடை பெஞ்சில் மாணவர் ஓரளவு உட்காரலாம். மாணவியர்க்கு அந்த இடமும் எளிதில் வாய்ப்பதில்லை.

இத்தேவையை நிறைவேற்றும் தொழிலையே ஆங்கிலத்தில் லவுஞ்ச் என்னும் சொல்லால் சுட்டுகின்றனர். உட்கார்ந்து பேசவும் படிக்கவும் குழுவாகப் பணியாற்றவும் தேநீர் அருந்தவும் இணையத்தைப் பயன்படுத்தவும் ஏற்ற கட்டண இடம் அது. இக்கட்டுரை அதனை மாணவர் கூடம் என்று வழங்குகிறது.

வீடுமன்று, வகுப்பறையுமன்று

அமெரிக்கச் சமூகவியலறிஞர் ரே ஓல்டன்பர்க் 1989ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் மூன்றாம் இடம் என்னும் கருத்தை விளக்கினார். வீடு மனிதருக்கு முதல் இடம். பணிபுரியும் இடம் இரண்டாவது. இவ்விரண்டுக்கும் வெளியே, அழைப்பின்றிச் செல்லவும் ஏற்றத்தாழ்வின்றிப் பேசவும் இடந்தரும் தேநீர்க்கடை, முடிதிருத்தகம், நூற்கடை போன்றவற்றை அவர் மூன்றாம் இடம் என்றார். சாவடியும் திண்ணையும் கண்ட தமிழருக்கு இக்கருத்து புதிதன்று.

இத்தகைய இடங்கள் தொழிலாகவும் தழைத்ததற்கு வரலாற்றில் சான்றுகள் உண்டு. பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் காப்பி இல்லங்கள் தோன்றின. ஒரு பென்னி கொடுத்தால் காப்பி அருந்தியபடியே செய்தித்தாள் படிக்கலாம். கற்றவர் உரையாடலைக் கேட்கலாம். அதனால் அவை பென்னிப் பல்கலைக்கழகங்கள் எனப் பெயர் பெற்றன. எட்வர்டு லாயிடு என்பவர் இலண்டனில் நடத்திய காப்பி இல்லத்தில் கப்பல் உரிமையாளரும் வணிகரும் கூடிக் கப்பல் செய்திகளைப் பகிர்ந்தனர். அந்தக் கூட்டத்திலிருந்தே லாயிட்ஸ் என்னும் உலகப் புகழ்பெற்ற காப்பீட்டுச் சந்தை பிறந்தது.

இந்தியாவிலும் இவ்வரலாறு தொடர்ந்தது. 1950களில் காப்பி வாரியம் தன் காப்பி இல்லங்களை மூடத் தொடங்கியபோது, அவற்றின் தொழிலாளர்கள் பொதுவுடைமைத் தலைவர் ஏ. கே. கோபாலனின் ஊக்கத்தால் கூட்டுறவுச் சங்கங்களை அமைத்து அவற்றைத் தாமே ஏற்று நடத்தினர். கொல்கத்தாவின் கல்லூரிச் சாலையில் உள்ள இந்தியன் காபி ஹவுஸ் பல தலைமுறை மாணவர்களும் எழுத்தாளர்களும் கூடும் இடமாக விளங்குகிறது.

கணினி வந்ததும் சென்றதும்

1995ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் இந்தியப் பொதுமக்களுக்கு இணையச்சேவை தொடங்கியது. அடுத்த ஆண்டே பெங்களூருவின் பிரிகேட் சாலையில் கஃபே காபி டே நிறுவனத்தின் முதற்கடை திறக்கப்பட்டது. காப்பியோடு இணையத்தில் உலவும் நேரத்தையும் விற்றமை அதன் புதுமை. தமிழ்நாட்டின் சிறு நகரங்களிலும் பிரௌசிங் சென்டர் என்னும் பெயர்ப்பலகைகள் தோன்றின. தேர்வு முடிவு வெளியாகும் நாளில் அவற்றின் வாயிலில் மாணவரும் பெற்றோரும் திரண்டு நின்ற காட்சி முந்தைய தலைமுறையின் நினைவில் இன்றும் உள்ளது.

திறன்பேசி பரவி, 2016ஆம் ஆண்டுக்குப்பின் கைப்பேசி இணையத்தின் விலை வீழ்ந்ததும், அம்மையங்களுள் பல மூடப்பட்டன. கணினியை மட்டுமே நம்பி முதலிட்டவர்கள் இழப்பைச் சந்தித்தனர். காப்பிக் கடைகளோ கணினிகளை அகற்றிவிட்டுத் தொடர்ந்து இயங்கின. இணையம் எல்லார் கைக்கும் வந்துவிட்ட பின்னும் சேர்ந்து உட்காரும் இடத்திற்கு மக்கள் வந்துகொண்டே இருந்தனர். மாணவர் கூடம் அமைக்க எண்ணுபவர் முதலில் கற்கவேண்டிய பாடம் இது. கருவி சில ஆண்டுகளில் பழையதாகிவிடும். இருக்கையின் தேவை நீடிக்கும்.

விற்கப்படும் பொருள் எது?

தேநீர்க்கடையில் ஒருவர் ஐந்து நிமிடம் நின்று தேநீர் அருந்திச் செல்கிறார். மாணவர் கூடத்திலோ ஒரே தேநீருடன் இரண்டு மணிநேரம் அமர்ந்திருப்பார். அவர் பயன்படுத்துவது இடம், விளக்கு, மின்விசிறி, இணையம், தூய்மை ஆகியவற்றை. விலை கொடுப்பதோ தேநீருக்கு மட்டும். கூடத்தின் உண்மையான விற்பனைப்பொருள் ஒரு நாற்காலியின் ஒரு மணிநேரம் என்பதை உணராத தொழில் முதல் திங்களிலேயே தள்ளாடத் தொடங்கும்.

இதனை வெளிப்படையாக ஏற்றுக்கொண்ட அமைப்பு ஒன்று 2011ஆம் ஆண்டில் மாஸ்கோ நகரில் தோன்றியது. இவான் மித்தின் என்பவர் தொடங்கிய சிஃபெர்பிளாட் என்னும் அக்கூடத்தில், அமர்ந்திருக்கும் நிமிடங்களுக்கு மட்டும் கட்டணம் பெற்றனர். தேநீருக்கும் காப்பிக்கும் தனி விலை இல்லை. 2014இல் இலண்டனிலும் அதன் கிளை திறக்கப்பட்டது. தேநீரின் விலையில் நேரத்தின் விலையை மறைத்து வைப்பது ஒரு முறை. நேரத்துக்கே விலை வைப்பது மற்றொரு முறை.

| தெரியுமா? |
|---|
| சென்னை கொளத்தூரில் 2024ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் ‘முதல்வர் படைப்பகம்’ திறக்கப்பட்டது. கணினியுடன் வந்து பணிபுரிவோர்க்கான பகிர்ந்த பணியிடம், போட்டித் தேர்வுக்குப் படிப்போர்க்கான கற்றல் மையம், உணவருந்தும் இடம் ஆகியவை அதில் ஒரே கட்டடத்தில் உள்ளன. |

அரசு அமைக்கும் கூடம் பொதுநிதியால் தாங்கப்படுகிறது. தனியொருவர் அமைக்கும் கூடத்தை அதன் வரவே தாங்கவேண்டும். எனவே இத்தொழிலில் கணக்கு முதலிடம் பெறுகிறது.

எண்ணிப் பார்த்தல்

திட்டமிடலின் முதற்பணி எண்ணுதல். வண்ணச் சுவர், வளைந்த நாற்காலி, பெரிய திரை ஆகியவற்றைப் பற்றிய கனவுகள் அதன்பின் வரலாம். கூடம் அமையவிருக்கும் தெருவில் திங்கள் முதல் சனி வரை ஒவ்வொரு மணிநேரத்திலும் எத்தனை மாணவர் கடந்து செல்கின்றனர்? அவர்களுள் எத்தனை பேர் பேருந்துக்காகக் காத்திருக்கின்றனர்? எவ்வளவு நேரம்? இவ்வினாக்களுக்கு ஒரு குறிப்பேடும் இரண்டு வாரப் பொறுமையும் இருந்தால் விடை காணலாம்.

தேனி நகரில் பழைய பேருந்து நிலையமும், பென்னிகுயிக் பெயரைத் தாங்கிய புதிய பேருந்து நிலையமும் உள்ளன. ஒரு வழித்தடத்தின் மாணவர் எங்கு ஏறுகின்றனர் என்பதைப் பொறுத்துக் கூடத்தின் இடம் முடிவாகும். மக்கள் நடமாட்டம் காலத்தால் மாறும் என்பதற்குத் தொடர்வண்டித்தடமே சான்று. மதுரை-போடிநாயக்கனூர் மீட்டர்பாதை, அகலப்பாதைப் பணிக்காக 2010ஆம் ஆண்டின் இறுதியில் மூடப்பட்டது. பதினோர் ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்தபின் 2022ஆம் ஆண்டு மே திங்களில் தேனிக்கும், 2023ஆம் ஆண்டு சூன் திங்களில் போடிக்கும் தொடர்வண்டி மீண்டும் வந்தது. ஆதலால் நேற்றைய கூட்டத்தை மனத்திற்கொண்டு இன்று கடை திறத்தல் கூடாது.

மாணவரின் கைப்பொருளையும் அளந்தறிய வேண்டும். அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி பெறும் மாணவியர்க்குப் புதுமைப்பெண் திட்டமும், மாணவர்க்குத் தமிழ்ப்புதல்வன் திட்டமும் திங்கள்தோறும் 1,000 ரூபாய் வழங்குகின்றன. பலருக்குக் கையில் புழங்கும் தொகை ஏறத்தாழ அவ்வளவே. கூடத்தின் கட்டணத்தை அந்த ஆயிரம் ரூபாயின் பக்கத்தில் வைத்துப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும்.

வரவும் செலவும்

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். இதில் வரும் தொகைகள் கணக்கிடும் முறையை விளக்கக் கற்பனையாகக் கொள்ளப்பட்டவை. ஒரு கூடத்தில் 24 நாற்காலிகள் உள்ளன. நாளொன்றுக்கு 10 மணிநேரம், திங்களுக்கு 25 நாள்கள் அது திறந்திருக்கிறது. ஆக, அங்கு விற்பனைக்குள்ள நாற்காலி மணிநேரங்கள் 6,000. தொழில்முனைவோர் பத்துக் கணினிகளும் விளையாட்டுக் கருவிகளும் கடனில் வாங்க எண்ணுகிறார். அவருடைய திங்கள் செலவு வருமாறு:

வாடகை – 18,000 ரூபாய்
இருவர் ஊதியம் (தொழில்முனைவோர் ஊதியம் உட்பட) – 24,000 ரூபாய்
மின்கட்டணம் – 9,000 ரூபாய்
இணையம் – 2,000 ரூபாய்
பழுது, தூய்மை – 3,000 ரூபாய்
கடன் தவணை – 10,000 ரூபாய்
மொத்தம் – 66,000 ரூபாய்

எல்லா நாற்காலியும் எல்லா நேரமும் நிறைந்திருந்தால் ஒரு நாற்காலி மணிநேரத்தின் அடக்கவிலை 11 ரூபாய். மூன்றில் ஒரு பங்கு மட்டும் நிறைந்தால் அதுவே 33 ரூபாய் ஆகிவிடும். 15 ரூபாய்த் தேநீரில் 8 ரூபாய் மிஞ்சுவதாகக் கொண்டாலும், இரண்டு மணிநேரம் அமரும் ஒருவருக்காகும் 66 ரூபாயை அந்த 8 ரூபாய் எவ்வாறு ஈடுசெய்யும்?

இனி வரவைக் காண்போம். மாலை மூன்று மணிநேரமே மாணவர் திரளும் நேரம். அந்நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு நாற்காலிகள் நிறைந்தால் திங்களுக்கு 1,200 நாற்காலி மணிநேரம் விற்கும். மணிக்கு 15 ரூபாய் வீதம் 18,000 ரூபாய். வெறிச்சோடும் பகற்பொழுதைப் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் 20 பேருக்குத் திங்களுக்கு 600 ரூபாய்க்குத் தந்தால் 12,000 ரூபாய். நாளொன்றுக்கு 60 பேரிடம் தேநீர், சிற்றுண்டி வழியாக ஆளுக்குப் பத்து ரூபாய் மிஞ்சினால் 15,000 ரூபாய். அச்சு, நகல், மென்படியெடுத்தல் ஆகியவற்றில் 6,000 ரூபாய். வார இறுதியில் பயிற்சி வகுப்புகளுக்குக் கூடத்தை நான்கு முறை வாடகைக்கு விடுவதில் 6,000 ரூபாய். மொத்த வரவு 57,000 ரூபாய். பற்றாக்குறை 9,000 ரூபாய்.

கட்டணத்தை மணிக்கு 25 ரூபாயாக உயர்த்தினால் குறை தீரும் என்று தோன்றும். திங்களுக்கு இருபது நாள் ஒரு மணிநேரம் அமரும் மாணவருக்கு அது 500 ரூபாய், அதாவது அவர்தம் உதவித்தொகையில் பாதி. உயர்ந்த கட்டணத்தால் நாற்காலிகள் காலியாகும். காலி நாற்காலி அடக்கவிலையை மேலும் உயர்த்தும்.

வேறு வழியொன்று உண்டு. பெரும்பாலான மாணவர் கையில் திறன்பேசி உள்ளது. பலரிடம் மடிக்கணினியும் உள்ளது. பத்துக் கணினிகளையும் விளையாட்டுக் கருவிகளையும் வாங்காமல், நல்ல மேசை, போதிய செருகிகள், தடையற்ற இணையம், மின்வெட்டைத் தாங்கும் மின்கலம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டால் கடன் தவணை 3,000 ரூபாயாகவும் மின்கட்டணம் 6,000 ரூபாயாகவும் குறையும். செலவு 56,000 ரூபாய்க்கு இறங்கும். 1,000 ரூபாய் மிஞ்சும். வாங்க வேண்டாதவற்றை வாங்காமல் விட்டதே இங்குத் தொழிலைக் காத்தது.

விடுமுறைத் திங்கள்கள்

ஆயினும் கணக்கு இன்னும் முடியவில்லை. கல்லூரியில் ஒரு பருவத்துக்கு ஏறத்தாழ 90 வேலைநாள்கள். இரு பருவங்களுக்கும் சேர்த்து 180 நாள்கள். ஆண்டில் ஏறத்தாழப் பாதி. விடுமுறைத் திங்களில் மாலைக்கூட்டம் இராது. மாணவர் தரும் 18,000 ரூபாய் நின்றுபோய், சிற்றுண்டி வரவு 7,500 ரூபாயாகவும் அச்சு வரவு 2,000 ரூபாயாகவும் சுருங்கினால், மொத்த வரவு 27,500 ரூபாய் மட்டுமே. செலவோ குறையாது. அத்தகைய ஒரு திங்களின் இழப்பு 28,500 ரூபாய். ஆண்டில் இரு திங்கள் இவ்வாறு கழிந்தால் இழப்பு 57,000 ரூபாய். ஏனைய பத்துத் திங்களிலும் 5,700 ரூபாய் வீதம் சேமித்தாலன்றி இதனை ஈடுகட்ட இயலாது. கையில் மிஞ்சுவதோ 1,000 ரூபாய். குடும்பத்தின் நகையையோ நிலத்தையோ ஈடுவைத்துத் தொடங்கப்படும் பல சிறுதொழில்கள் சறுக்கும் இடம் இதுவே. ஒரு நல்ல திங்களின் கணக்கை ஆண்டு முழுவதற்குமான கணக்காக அவை எண்ணிவிடுகின்றன.

வராதவர் யார்?

வாடகையைக் குறைத்தால் இச்சிக்கல் தீரும். உட்தெருவில், மாடியில், 12,000 ரூபாய்க்கு ஓரிடம் கிடைப்பதாகக் கொள்வோம். திங்களுக்கு 6,000 ரூபாய் மிச்சமாகும். தாளில் எழுதிய கணக்கு சரியாகிவிடும்.

ஆனால் அந்த மாடிப்படியில் ஏறப்போவது யார்? மாலை மங்கும் நேரத்தில், விளக்கு குறைந்த தெருவில், உள்ளே யார் இருக்கின்றனர் என்று வெளியிலிருந்து தெரியாத ஓரிடத்துக்குத் தன் மகள் செல்வதை எத்தனை பெற்றோர் ஏற்பர்? மாணவியர் வருவது நின்றுபோனால், மூன்றில் இரண்டு பங்கு நிறையும் என்று எழுதிய வரவுக்கணக்கு பொய்த்துவிடும். அதனினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. இடமில்லாமல் நின்றவர்க்கு இடந்தரவே கூடம் தோன்றியது. அவர்களுள் பாதிப்பேரை வாயிலிலேயே அது திருப்பி அனுப்பிவிடும்.

கூடத்தின் வெற்றியை அறிய வந்தவர்களை எண்ணினால் மட்டும் போதாது. வராதவர் யார் என்றும் கேட்கவேண்டும். கண்ணாடி முகப்பு, தரைத்தளம், பேருந்து நிலையத்தின் பார்வையில் அமைந்த வாயில், தூய கழிப்பறை, பெண் பணியாளர், கடைசிப் பேருந்துக்கு முன்பே நிறைவுபெறும் வேலைநேரம் ஆகியன மாணவியரின் வருகையை உறுதிசெய்யும். சக்கர நாற்காலியில் வருவோர்க்குச் சாய்தளம் வேண்டும். இவை அழகுக்கான செலவுகள் அல்ல. தொழிலின் அடிப்படைச் செலவுகள்.

அவ்வாறாயின் அந்த 6,000 ரூபாயை வேறு வழியில் தேடவேண்டும். முதன்மைச் சாலையிலேயே இடம் எடுத்து, கட்டட உரிமையாளரின் ஒப்புதலோடு முன்பகுதியில் நூறு சதுர அடியை எழுதுபொருள் கடைக்கு உள்வாடகைக்கு விடலாம். அதிலிருந்து 6,000 ரூபாய் வருமாயின் கூடத்தின் நிகரச்செலவு 50,000 ரூபாய் ஆகும். பத்துத் திங்களில் 70,000 ரூபாய் மிஞ்சும். விடுமுறைத் திங்கள் இரண்டின் இழப்பாகிய 45,000 ரூபாய் போக, 25,000 ரூபாய் கையில் நிற்கும். பெருஞ்செல்வம் அன்றெனினும் அத்தொகை கூடத்தை அடுத்த கல்வியாண்டுக்குக் கொண்டுசெல்லும். அதன் வாயிலையும் எல்லார்க்கும் திறந்து வைக்கும்.

தொழில்நுட்பத்தின் இடம்

போடிநாயக்கனூரில் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல மையம் உள்ளது. ஏலக்காய் வணிகர்கள் ஒரே கூடத்தில் அமர்ந்து, தத்தம் முன்னுள்ள கருவியின் வழியாக விலை கேட்கின்றனர். கேட்ட விலை எல்லார்க்கும் தெரியும் வகையில் திரையில் தோன்றுகிறது. மனிதர் கூடுவதை அத்தொழில்நுட்பம் தடுக்கவில்லை. கூடியவர்க்கிடையே ஒளிவுமறைவற்ற நிலையை உண்டாக்கியது. மாணவர் கூடத்திலும் தொழில்நுட்பம் இத்தகைய பணியையே செய்யவேண்டும்.

எத்தனை இருக்கைகள் காலியாக உள்ளன என்பதைக் கைப்பேசியில் காட்டுதல், அமர்ந்த நிமிடங்களைக் கணக்கிட்டு இருவர்க்கும் தெரியும்படி கட்டணம் காட்டுதல், ஒவ்வொரு ஊருக்கும் அடுத்த பேருந்து எப்போது என்பதைச் சுவர்த்திரையில் எழுதுதல் ஆகியவை எளியவை. ஆயினும் மிகவும் பயன்படுபவை. கம்பத்துக்குச் செல்லவேண்டிய மாணவி திரையைப் பார்த்துத் தன் பேருந்துக்கு உரிய நேரத்தில் எழுந்து செல்வாளாயின், அந்தத் திரையின் விலைக்குப் பொருள் உண்டு.

இணையத்தைப் பொதுமக்களுக்குப் பகிர்ந்தளிக்க 2020ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் நடுவண் அரசு பி.எம். வாணி என்னும் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. இதன்படி சிறுகடை நடத்துபவரும் பொதுத் தரவு நிலையமாகச் செயல்பட்டு வைஃபை வழங்கலாம். அதற்கெனத் தனி உரிமமோ பதிவுக் கட்டணமோ தேவையில்லை.

சட்டமும் முதலீடும்

பொதுமக்களுக்கு இணைய வசதி அளிக்கும் இடங்களுக்கு 2011ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சைபர் கஃபே வழிகாட்டு விதிகள் உள்ளன. பயன்படுத்துவோரின் அடையாளத்தைச் சரிபார்த்தல், பயன்பாட்டுப் பதிவேட்டை ஓராண்டேனும் பாதுகாத்தல், இருக்கைத் தடுப்புகளின் உயரம் நாலரை அடியைத் தாண்டாமை ஆகியவற்றை அவ்விதிகள் வலியுறுத்துகின்றன. கல்லூரி அடையாள அட்டையும் ஏற்கத்தக்க சான்று ஆகும். தாழ்ந்த தடுப்புகள் கூடத்தின் பாதுகாப்புக்கும் துணைசெய்பவை.

பெயர், கைப்பேசி எண், வந்துசென்ற நேரம் ஆகியவற்றைப் பதிவுசெய்பவர் அவற்றைக் காக்கும் கடமையையும் ஏற்கிறார். எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023, ஒருவருடைய தரவை எந்நோக்கத்துக்காகப் பெறுகிறோம் என்பதை அவருக்கு அறிவித்துப் பெறுமாறு கூறுகிறது. மாணவியின் எண்ணை விளம்பரத்துக்கோ வேறொருவர்க்கோ கொடுக்கும் கூடம் ஒரே நாளில் நம்பிக்கையை இழந்துவிடும். தேநீரும் சிற்றுண்டியும் வழங்குவதற்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவும், உள்ளாட்சி அமைப்பின் தொழில் உரிமமும் பெறவேண்டும்.

முதலீட்டுக்கு மாவட்டத் தொழில் மையத்தை அணுகலாம். வேலைவாய்ப்பற்ற இளைஞர்களுக்கான வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம், பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் ஆகியவற்றின் வழியாக வங்கிக் கடனுடன் மானியமும் கிடைக்க வாய்ப்புண்டு. மானியம் தொடக்கச் சுமையைக் குறைக்கும். திங்கள்தோறும் வரும் பற்றாக்குறையை அது நிரப்பாது. மானியம் கிடைக்கிறது என்பதற்காகத் தேவைக்கு மிஞ்சிய கருவிகளை வாங்குவது மீண்டும் பழைய பிழைக்கே இட்டுச்செல்லும்.

சிறிதாய்த் தொடங்கிச் சோதித்தல்

முழு முதலையும் இடுமுன் திட்டத்தைச் சிறிய அளவில் சோதித்துப் பார்க்கலாம். நிகழ்ச்சியில்லாத நாள்களில் ஒரு மண்டபத்தின் முன்னறையையோ, மாலையில் பயன்படாத வகுப்பறை ஒன்றையோ ஒரு திங்களுக்கு வாடகைக்குப் பெற்று, பத்து நாற்காலிகளும் ஓர் இணைய இணைப்பும் இட்டு நடத்தலாம். வந்தவர் எத்தனை பேர், மீண்டும் வந்தவர் எத்தனை பேர், எவ்வளவு நேரம் அமர்ந்தனர், வராத மாணவியர் கூறும் காரணம் என்ன என்பவற்றை நாள்தோறும் எழுதவேண்டும். எழுதிய எண்கள் திட்டத்தில் கொண்ட எண்களோடு பொருந்தினால் அடுத்த அடி எடுத்துவைக்கலாம். பொருந்தாவிடின் திட்டத்தைத் திருத்தலாம்; கைவிடவும் செய்யலாம். அவ்வாறு கைவிட நேர்ந்தாலும், இழப்பது ஒரு திங்கள் வாடகை மட்டுமே; குடும்பத்தின் நிலம் தப்பிவிடும்.

திண்ணை கட்டியவர் வழிப்போக்கரிடம் வாடகை கேட்டதில்லை. இன்று நிலத்துக்கும் மின்சாரத்துக்கும் விலை கொடுக்கவேண்டிய காலத்தில், அந்த ஈகையைக் கணக்கறிவோடு இணைத்தால்தான் ஒரு கூடம் நிலைபெறும். நாற்காலியின் ஒரு மணிநேரம் எவ்வளவு என்று அறிந்தவரே, அதனை ஏழை மாணவர்க்கும் எட்டும் விலையில் தர வழிகாண இயலும். கம்பம் பள்ளத்தாக்கில் மாலைவேளையில் பேருந்துக்கு நிற்கும் மாணவியொருத்தி அச்சமின்றி உள்ளே சென்று அமர்ந்து, தன் நூலை விரித்துப் படிக்க ஓர் இருக்கை கிடைக்குமாயின், அத்திட்டம் தன் நோக்கத்தை எய்தியதாகும்.